"தேறுமா டாக்டர்?" - முதல் நாளே தீர்ப்பு எழுதுறதை நிறுத்துங்க

1)
இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறந்த உடனே அழாத குழந்தைகளைப் பத்தினது. சில பேருக்கு இது நோகும். அதுல என்னோட சக டாக்டர்களும் உண்டு, சொந்தக்காரங்களும் உண்டு, ஜாதகக் கட்டைப் பார்த்து "ஆயுசு கம்மி"னு சொல்றவங்களும் உண்டு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2)
கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி. எந்த ஊர்ல இருந்து வந்தாலும் பச்சிளம் குழந்தைகள் வார்டு வாசல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "தேறுமா டாக்டர்?"
மூணே எழுத்து. அதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. உயிர் பிழைக்குமா? நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போகுமா? மூணாவதை யாரும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க: இந்தக் குழந்தைக்காக நாங்க எவ்வளவு தூரம் போகலாம்?

3)
இதுக்கு முதல் நாள்லயே ரெண்டு விதமான பதில் கிடைக்குது.
ஒண்ணு: "மூளை போச்சுங்க. பொழைச்சாலும் பிரயோஜனம் இல்ல."
இன்னொண்ணு: "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் மூச்சுத் திணறல்தான். எல்லாம் சரியாயிடும்."
முதல் நாள்ல இந்த ரெண்டுமே மருத்துவம் இல்ல. ரெண்டுமே ஜோசியம். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னாலும் ஜோசியம் ஜோசியம்தான்.

4)
முதல்ல என்ன நடக்குதுனு பார்ப்போம். வயித்துல இருக்கிற வரைக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாத்தான் வருது. நஞ்சு முன்னாடியே பிரிஞ்சா, கொடி நசுங்கினா, கர்ப்பப்பை கிழிஞ்சா, பிரசவ வலி ரொம்ப நேரம் இழுத்தா, மூளைக்குப் போற ஆக்சிஜனும் ரத்தமும் குறையும்.
சேதம் அந்த நிமிஷத்தோட முடியுறதும் இல்ல. சில மணி நேரம் மூளை கொஞ்சம் சமாளிக்கும். அப்புறம் 6 மணியில இருந்து சில நாள் வரைக்கும் ரெண்டாவது அலையா செல்கள் சாகும். வலிப்பு பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள்ள வரும்.
அதாவது நீங்க "தேறுமா"னு கேக்குற நேரத்துல, உள்ளே கதை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

5)
பாதிக் கதையில சொல்ற ஒரு வாக்கியம் என்ன செய்யும் தெரியுமா?
"பிரயோஜனம் இல்ல"னு கேட்ட குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுக் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடும். வீட்டுல டியூப் வழியா பால் கொடுக்க ஆள் இல்ல, வலிப்புக்கு மருந்து இல்ல, சூடு இல்ல. குழந்தை இறந்துபோகும். உடனே "பார்த்தீங்களா, டாக்டர் அன்னைக்கே சொன்னார்"னு பேசுவாங்க.
கணிப்பு பலிச்சிருச்சுனு நினைக்காதீங்க. கணிப்பே காரியத்தை முடிச்சிருச்சு. சிகிச்சையை நிறுத்தினா எந்தக் கெட்ட கணிப்பும் பலிக்கும்.

6)
நம்ம மாவட்டத்துல இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம், 2001ல் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்கள்ல தேனியும் ஒண்ணு. இது பழைய கதைனு சொல்றவங்க வார்டு வாசல்ல ஒரு நாள் நில்லுங்க.
"கஷ்டம்தான்"ங்கிற அதே வார்த்தை ஆண் குழந்தை வீட்டுல "மதுரைக்குக் கொண்டு போலாமா?"னு கேக்க வைக்கும். மூணாவதும் பொண்ணா பொறந்த வீட்டுல சில நேரம் மௌனத்தைத்தான் உண்டாக்கும். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு இங்கே வேலை பார்க்கிற ஒவ்வொரு செவிலியருக்கும் தெரியும். இப்படிப்பட்ட மண்ணுல நின்னு சொல்ற கணிப்பை வெறும் தகவல்னு நினைக்க முடியாது.

7)
சரி, எதை வெச்சு முதல் நாள் தீர்ப்பு சொல்றாங்க?
முதலாவது ஆப்கார் மதிப்பெண். வர்ஜீனியா ஆப்கார் 1952ல் இதைக் கொண்டு வந்தது, பொறந்த குழந்தைக்கு உடனே உதவி தேவையானு பார்க்க. அவ்வளவுதான். இந்த மதிப்பெண்ணை மட்டும் வெச்சு ஒரு தனிக் குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கணிக்கக் கூடாதுனு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2015ல் சேர்ந்தே அறிவிச்சிருக்காங்க. ஆனா டிஸ்சார்ஜ் காகிதத்துல "ஆப்கார் 3"னு பார்த்துட்டு, அதை பிளஸ் டூ மார்க் மாதிரி வாழ்க்கை முழுக்கச் சுமக்கிற குடும்பங்கள் இருக்கு.

8)
ரெண்டாவது, சார்நாட் கட்டங்கள். லேசானது, நடுத்தரம், கடுமையானதுனு மூணு. நல்ல கருவிதான், நானும் தினமும் பயன்படுத்துறேன். 1976ல் ஹார்வி சார்நாட், மார்கரெட் சார்நாட் தம்பதி 21 குழந்தைகளை வெச்சு எழுதினது. அவங்களே முக்கியமா சொன்ன விஷயம், குழந்தை ஒரு கட்டத்துல எத்தனை நாள் இருக்குங்கிறதைப் பார்க்கணும்னு. நடுத்தரக் கட்டத்துல இருந்து 5 நாளுக்குள்ள வெளியே வந்த குழந்தைக்கும், ஒரு வாரத்துக்கு மேல அங்கேயே கிடக்கிற குழந்தைக்கும் பெரிய வித்தியாசம். முதல் நாள் ஒரு தடவை பார்த்து முத்திரை குத்துறதுக்காக அவங்க இதை எழுதல.

9)
மூணாவது, அவசர அவசரமா எடுக்கிற சிடி ஸ்கேன். பச்சிளம் குழந்தையோட மூளையில தண்ணி அதிகம். இயல்பான மூளையே சிடியில கொஞ்சம் கருப்பாத் தெரியும். அதைப் பார்த்து "மூளை முழுக்க அடி"னு சொல்றதும், அதைக் கேட்டு அப்பத்தா மயங்கி விழுறதும் தேவையே இல்லாதது. ரத்தக்கசிவு சந்தேகம் மாதிரி காரணம் இருந்தா சிடி எடுக்கலாம். எதிர்காலம் பார்க்க சிடி எடுக்காதீங்க.

10)
இப்போ நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். ஹெலிக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில, 2015 ஆகஸ்ட்ல இருந்து 2019 பிப்ரவரி வரைக்கும் குழந்தைகளைச் சேர்த்தாங்க. இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 7 மருத்துவமனைகள். அதுல சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனைகளும் உண்டு. நடுத்தர அல்லது கடுமையான பாதிப்புள்ள 408 குழந்தைகள். பாதிப் பேருக்கு உடம்பைக் குளிர்விக்கிற சிகிச்சை, மீதிப் பேருக்கு வழக்கமான தீவிர சிகிச்சை. முடிவு 2021ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்துச்சு.

11)
எல்லாரும் அந்த ஆய்வைக் குளிர்விப்புக்காகப் படிச்சாங்க. நான் அதுல இன்னொரு எண்ணைக் காட்டுறேன்.
குளிர்விக்காத குழந்தைகள்ல 199 பேரோட முடிவு தெரிஞ்சுது. 18 மாசத்துல அவங்கள்ல 94 பேர் இறந்திருந்தாங்க, இல்லேன்னா நடுத்தர அல்லது கடுமையான குறைபாட்டோட இருந்தாங்க. மீதி எத்தனை? 105.
பாதிக்கும் மேல. நம்ம மாதிரி அரசு மருத்துவமனைகள், நம்ம மாதிரி குடும்பங்கள். அதுல பெரும்பாலானது நடுத்தரக் கட்டம், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். ஆனா முதல் நாள் அந்த 199 பேர் வீட்டுலயும் "மூளை போச்சு"னு சொல்லியிருந்தா, 105 வீட்டுல சொன்னது தப்பு. "ஒண்ணுமில்ல, சரியாயிடும்"னு சொல்லியிருந்தா 94 வீட்டுல தப்பு.
காசைச் சுண்டிப் போட்டுச் சொல்றதுக்கு எம்டி எதுக்கு?

12)
குளிர்விப்பு என்ன ஆச்சுனு கேப்பீங்க. பணக்கார நாடுகள்ல, பொறந்து 6 மணி நேரத்துக்குள்ள தொடங்கி 72 மணி நேரம் உடம்பை 33.5 டிகிரி அளவுல வெச்சா பலன் இருக்குனு நிரூபிச்சிருக்காங்க. 2013 காக்ரேன் தொகுப்புல 11 ஆய்வுகள், 1,505 குழந்தைகள். 7 பேரைக் குளிர்விச்சா ஒருத்தரைச் சாவுல இருந்தோ பெரிய குறைபாட்டுல இருந்தோ காப்பாத்தலாம்.
ஹெலிக்ஸ்ல அந்தப் பலன் வரல. குளிர்விச்ச பக்கம் 84 பேர் இறந்தாங்க, குளிர்விக்காத பக்கம் 63. இந்த முடிவு எல்லா இந்திய மருத்துவமனைக்கும் பொருந்துமானு மருத்துவர்களுக்குள்ள விவாதம் இன்னும் ஓடுது.

13)
அதுக்காக இதை எழுதுறேன்: "கூலிங் மெஷின் இங்கே இல்ல, அதான் குழந்தை போச்சு"ங்கிற குற்ற உணர்ச்சியில எந்த அப்பாவும் கிடக்க வேண்டாம். கம்பத்துல இருந்து மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. மூச்சும் சர்க்கரையும் சரி பண்ணாம, கிடைச்ச கார்ல போட்டுக்கிட்டு மெஷினைத் தேடி ஓடுறது மெஷின் இல்லாததை விட ஆபத்து. மூச்சு, ரத்த ஓட்டம், சர்க்கரை, வலிப்புக்கு மருந்து, காய்ச்சல் ஏறாமப் பார்த்துக்கிறது - குழந்தையைக் காப்பாத்துற அடிப்படை இதுதான். வீட்டுலயோ வண்டியிலயோ நீங்களா ஈரத்துணி போட்டுக் குளிர்விக்காதீங்க. கொன்னுடும்.

14)
அப்போ எப்போதான் சொல்ல முடியும்? சொல்லவே முடியாதுனு நான் சொல்லல. படிப்படியா சொல்ல முடியும்.
முதல் 3 நாள்: வலிப்பு கட்டுப்படுதா, விழிப்பு வருதா, ஈஈஜியில மூளை அலைகள் திரும்புதா.
4ல் இருந்து 7ம் நாள்: எம்ஆர்ஐ.
ஒரு வாரம்: தானா உறிஞ்சிப் பால் குடிக்குதா, உடம்போட இறுக்கமும் தளர்வும் இயல்புக்கு வருதா. இது வந்தா நல்ல அறிகுறி.
3 மாசம்: அசைவுகளும் தலைச் சுற்றளவும்.
அப்புறம் காது, கண், உட்காருறது, பேச்சு, 18-24 மாசப் பரிசோதனை, கடைசியா பள்ளிக்கூடம்.
ஒவ்வொரு படியிலயும் பதில் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிவாகும்.

15)
எம்ஆர்ஐயில என்ன பார்க்கிறோம்? மூளையில இருந்து கை காலுக்குப் போற நரம்புக் கம்பிகள் ஒரு குறுகலான சந்து வழியா இறங்கும். இன்டர்னல் கேப்சூல்னு பேரு. மாசம் நிறைஞ்ச குழந்தைக்கு அந்த இடத்துல ஒரு வெளிச்சம் தெரியணும். அது இல்லேன்னா நடை, கை அசைவுல பிரச்சினை வர வாய்ப்பு ரொம்ப அதிகம். நடு மூளைக் கருக்கள்ல அடி இருந்தாலும் அப்படித்தான்.
இன்னும் நுணுக்கமா, தலாமஸ் பகுதியோட ரசாயனத்தை அளக்கிற எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி 223 குழந்தைகள்ல மிகத் துல்லியமா கணிச்சதுனு 2019 லான்செட் நியூராலஜியில வந்துச்சு. அது பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும், 3 டெஸ்லா மெஷின்ல. நம்ம பள்ளத்தாக்குல இருக்கிற ஒரு அம்மாவுக்கு அது இப்போதைக்குத் தூரம்.

16)
ஆனா மெஷினே தேவையில்லாத ஒண்ணு இருக்கு. ஆஸ்திரியாவோட ஹைன்ஸ் ப்ரெக்டல் கண்டுபிடிச்சது. 3ல் இருந்து 5 மாசக் குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால்ல சின்னச் சின்னதா, நாட்டியம் மாதிரி ஓயாத அசைவுகள் இருக்கும். 1997 லான்செட் ஆய்வு, 130 குழந்தைகள். அந்த அசைவு இயல்பா இருந்த 70 பேர்ல 67 பேர் பிற்பாடு நல்லா இருந்தாங்க. இயல்பா இல்லாத அல்லது வரவே வராத 60 பேர்ல 57 பேருக்கு நரம்பியல் பிரச்சினை வந்துச்சு.
முதல் நாள் ஜோசியத்தோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. மூணு மாசம் காத்திருந்தா கிடைக்கிற பதிலோட தரம் இது.

17)
இதுக்குத் தேவை ஒரு செல்போன். குழந்தை முழிச்சு, பால் குடிச்சு, அமைதியா இருக்கும்போது பாய்ல மல்லாக்கப் படுக்க வைங்க. கை கால் தெரியுற மாதிரி மெல்லிய சட்டை. கிலுகிலுப்பை வேண்டாம், யாரும் கொஞ்ச வேண்டாம், வாயில சூப்பான் வேண்டாம். மேல இருந்து உடம்பு முழுக்கத் தெரியுற மாதிரி 3 நிமிஷம் வீடியோ எடுங்க. பயிற்சி பெற்ற டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ காட்டுங்க. நீங்களே பார்த்து முடிவு பண்ணாதீங்க. குழந்தைகளை ரீல்ஸ்ல ஆட வைக்கிற ஊர்ல, இந்த 3 நிமிஷ வீடியோ ஏன் எல்லார்கிட்டயும் கேக்கப்படல?

18)
ஏன்னா நாம "ஒண்ணுமில்ல"னு சொல்லி அனுப்பிட்டோம். இந்த இனிப்பான பொய்யும் கொலைகாரப் பொய்தான். "டாக்டரே நல்லாயிடும்னு சொன்னார், அப்புறம் எதுக்கு 3ம் மாசம் வரணும்?" நியாயமான கேள்வி. ஒன்றரை வயசுல "இன்னும் உக்காரல"னு தூக்கிட்டு வரும்போது, மூளை வேகமா வளைஞ்சு கொடுக்கிற காலம் நிறைய போயிருக்கும். லேசான கட்டம்னு அனுப்பின குழந்தைகள்லயும் சிலருக்குப் பிற்பாடு தாமதம் வருது. 18 மாசத்துல நல்லா இருந்தவங்களுக்கும் பள்ளியில கவனம், கணக்குனு சிக்கல் வரலாம்.

19)
"வரச் சொன்னோம், அவங்கதான் வரல"னு சொல்ற டாக்டருக்கு: விடிகாலையில ஜீப்புல ஏறி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற அம்மாவுக்கு ஒரு விசிட்னா ஒரு நாள் கூலி போச்சு. கூட ஒரு ஆள் வந்தா ரெண்டு கூலி. காலையில ஸ்கேனுக்கு ஒரு வரிசை, மதியம் பிசியோவுக்கு ஒரு வரிசை, "காது டெஸ்ட்டுக்கு வியாழன் வாங்க". மூணு தடவை அலைய விட்டா நாலாவது தடவை யார் வருவா? எல்லாப் பரிசோதனையும் ஒரே நாள்ல நடக்கணும். தேதி சொல்லிட்டு விட்டாப் போதாது, வரலேன்னா கிராம சுகாதார செவிலியர் மூலமா வீட்டுக்குத் தகவல் போகணும்.

20)
டாக்டர்கள் தரப்பையும் சொல்லணும். "நல்லாயிடும்னு சொல்லி, ஆகலேன்னா சட்டையைப் பிடிக்கிறாங்க, வார்டை உடைக்கிறாங்க, கேஸ் போடுறாங்க. அதனால முன்கூட்டியே மோசமா சொல்லிடுறது பாதுகாப்பு." புரியுது. பயம் உண்மை. ஆனா அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுக்கிறது யாரு? கண்ணைக்கூடத் திறக்காத ஒரு நோயாளி. "இன்னைக்கு நிலைமை இது, 4ம் நாள் இது தெரியும், 3ம் மாசம் அது தெரியும்"னு தினமும் எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குங்க. பயமுறுத்துறதை விட அது நல்ல பாதுகாப்பு.

21)
"அப்போ கடுமையான குழந்தைகளுக்கும் பொய் நம்பிக்கை கொடுக்கணுமா?" கூடாது. கடுமையான கட்டம், விழிப்பே வரல, மூளை அலை திரும்பல, எம்ஆர்ஐயும் மோசம் - இப்படி எல்லா அறிகுறியும் ஒரே பக்கம் கை காட்டும்போது, அப்பா அம்மா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, கதவைச் சாத்தி, நேராச் சொல்லணும். வராந்தாவுல நின்னுக்கிட்டு மாமனார்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது. பெத்தவ தையல் வலியோட மேல் மாடியில கிடப்பா; அவளுக்குத் தெரியாம கீழே எல்லாம் முடிவாகும். அதை விட அநியாயம் இல்ல.

22)
இந்த இடைவெளியில புகுந்து காசு பார்க்கிற கூட்டம் தனி. மூளையை வளர்க்கும்னு டானிக், ஊசி. ஸ்டெம் செல் சிகிச்சைனு ஃபேஸ்புக்ல விளம்பரம். மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சை கிடையாது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாதுனு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டியே சொல்லுது. ஆய்வுல சேர்க்கிறவங்க உங்ககிட்ட காசு கேக்கக் கூடாது. தோட்டத்தை அடகு வைக்காதீங்க.
வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறதா நேர்ந்துக்கிறீங்களா, தாராளமா. 3ம் மாச விசிட்டையும் சேர்த்து நேர்ந்துக்கங்க.

23)
பெத்தவளைக் குத்தம் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. "சத்து மாத்திரை சாப்பிடல, கிரகணத்துல வெளியே போனா, கடைசி மாசம் வரைக்கும் ஜீப் ஏறினா." காரணம் எதுனு பல குழந்தைகள்ல எங்களாலேயே உறுதியாச் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்கு அடி பிரசவ வலிக்கு முன்னாடியே தொடங்கியிருக்கும். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? அந்தப் பொண்ணுக்கு இப்போ தேவை சாப்பாடு, தூக்கம், பால் பீய்ச்சிக் கொடுக்க உதவி.

24)
நீங்க கேக்க வேண்டிய கேள்விகள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க.
- இன்னைக்கு எந்தக் கட்டம்? நேத்தை விட மேலயா, கீழயா?
- வலிப்பு நின்னுச்சா? மருந்து எது வரைக்கும்?
- எம்ஆர்ஐ எந்த நாள்? ரிப்போர்ட்டை எங்க ரெண்டு பேருக்கும் விளக்குவீங்களா?
- காது டெஸ்ட் எப்போ?
- 3ம் மாச வீடியோவை யார்கிட்ட காட்டணும்? தேதி எழுதிக் கொடுங்க.
- பிசியோ எங்கே, எப்போ தொடங்கணும்?
2013ல் தொடங்கின தேசியச் சிறார் நலத் திட்டத்துல டிஇஐசினு மாவட்ட அளவுல ஒரு மையம் உண்டு. இலவசம். 18 வயசு வரைக்கும். கேளுங்க, அது உங்க உரிமை.

25)
குறைபாடோட வளர்ற குழந்தையும் தேறின குழந்தைதான். நடக்க முடியாம, ஆனா அக்காவைப் பார்த்துச் சிரிக்கிற, பாட்டுக்குத் தலையாட்டுற, சக்கர நாற்காலியில பள்ளிக்கூடம் போற குழந்தையை "பிரயோஜனம் இல்ல"னு சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு. அடையாள அட்டை இருக்கு. கடும் பாதிப்புள்ளவங்களுக்கு மாநில அரசோட மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை இருக்கு. போதாதுதான். ஆனா அதைக்கூட வாங்கித் தராம ஜோசியம் மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க.

26)
கடைசியா சக டாக்டர்களுக்கு. "தேறுமா?"னு கேட்டா இப்படிச் சொல்லிப் பாருங்க: "இன்னைக்குத் தெரியாதுங்க. நாலாம் நாள் இன்னும் கொஞ்சம் தெரியும். மூணாம் மாசம் நல்லாவே தெரியும். அது வரைக்கும் நான் கூட இருக்கேன். அடுத்து என்ன பார்க்கப் போறோம்னு இப்போ சொல்றேன்."
சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். அதுக்கு மெஷின் வேண்டாம், மதுரை வேண்டாம்.
உங்க ஊர்ல யாராவது குழந்தையைப் பெட்டியில வெச்சுட்டு வெளியே உக்காந்திருந்தா, இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. 24ம் பதிவை மட்டுமாவது.